ஏறிக்கொண்டே போன எண்

மார்ச் 4: 6.8. மாத்திரை 75.
ஏப்ரல் 3: 8.1. மாத்திரை 100.
மே 2: 9.7. மாத்திரை 125.

முதல் எண் ரத்தப் பரிசோதனையில் வந்தது. தைராய்டு சுரப்பி சுணங்கினால் ஏறும் எண் அது. கர்ப்பிணிக்கு இரண்டரைக்குக் கீழே நிற்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டாவது எண் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்த மாத்திரையின் அளவு. மாத்திரை கூடினால் ரத்த எண் இறங்க வேண்டும். இங்கே இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு ஏறின.

இந்த எண்களுக்குச் சொந்தக்காரியைச் சலவைக் கூடத்தில் எல்லோரும் மடிப்பு என்றே கூப்பிட்டார்கள். ஹோட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை நீராவி பிரஸ்ஸில் தேய்த்து மடிப்பது பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் வேலை. அவள் மடித்த விரிப்பில் ஓரத்துக்கு ஓரம் நூலிழை பிசகாது. கணவர் அதே கூடத்தின் வேன் ஓட்டுநர். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டான முதல் கரு, போன வருஷம் மூன்றாம் மாதத்தில் கலைந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்த பரிசோதனையில்தான் தைராய்டு விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து தினமும் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை.

வெறும் வயிற்றில், தண்ணீரில் விழுங்கி, ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. வீட்டில் இது நடக்காத காரியம். அவள் பல் துலக்கி நிமிர்வதற்குள் மாமியார் டீ டம்ளரை நீட்டிவிடுவார். ஆறிப்போனால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்த டீயால் மாத்திரை பலிக்காமல் அடுத்த கருவும் கலைந்துவிடுமோ என்று அவளுக்குள் ஒரு பயம் அரித்தது. அதனால் இந்த முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததிலிருந்தே டீயைத் தொடாமல் கிளம்பிவிடுவாள். மாத்திரை பாட்டிலையும் கூடத்துக்கே கொண்டுபோனாள். ஆறு மணிக்கு உள்ளே நுழைந்ததும் ஒரு மாத்திரை. ஏழரை மணி இடைவேளைக்கு வயிறு தயார். பாட்டிலை பிரஸ்ஸுக்கு மேலே, தன் கத்தரிக்கோல் இருக்கும் தகரத் தட்டில் வைத்தாள். தலை நிமிர்ந்தால் கண்ணில் படும். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை.

"உன் வயித்துல இருக்கிறது நாலா மடிஞ்சுதான் வெளிய வரும், பாரு," என்று பக்கத்து மேசைக்காரி கேலி செய்வாள்.

மடிப்பு சிரிப்பாள். ஆனால் ஏப்ரலிலிருந்து அவளுக்குக் குளிர ஆரம்பித்தது. மற்றவர்கள் வியர்த்து வழியும் நீராவி அறையில், அவள் சூடான விரிப்பு ஒன்றைத் தோளில் போர்த்திக்கொண்டு நின்றாள். குரல் கரகரத்தது. நின்றபடியே தூக்கம் வந்தது.

மே இரண்டாம் தேதி டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மாத்திரையை ஒழுங்காப் போடுறீங்களா?"

"போடுறேன் டாக்டர்."

"தினமும்?"

"தினமும் டாக்டர்."

மூன்றாவது தடவை டாக்டரம்மா அவளைப் பார்த்துக் கேட்கவில்லை. கூட வந்திருந்த கணவரைப் பார்த்து, "போடுறாங்களா?" என்றார். அவர் குனிந்து செருப்பைப் பார்த்தார். அந்த இடத்திலேயே அவளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"குழந்தைக்குன்னு ஒரு சுரப்பி உருவாகி வேலை செய்யிற வரைக்கும் அது உங்க ரத்தத்துல வர்றதை வச்சுத்தாம்மா வளருது. மூளை வளர்ற நேரம் இது. விளையாட்டு இல்ல," என்ற டாக்டரம்மா, புது அளவை எழுதிவிட்டு, "செவ்வாய்க்கிழமை மாத்திரை பாட்டிலோட வாங்க," என்றார்.

வேனில் வரும்போது கணவர் ஹாரன் அடிக்கவே இல்லை.

"என்கிட்ட மட்டும் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"நீங்களுமாங்க?"

"அப்புறம் ஏன் ஏறுது?"

வீட்டில் மாமியார் நேராகவே கேட்டார்: "கீழே துப்பிடுறியா, கண்ணு?"

"அத்தை, போன தடவை போனது என் வயித்துலேர்ந்துதானே? நான் துப்புவேனா?"

மாமியார் அடுப்படிக்குத் திரும்பினார். அவளோ செவ்வாய் வரை நான்கு நாளும் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டே திரிந்தாள். உள்ளே ஒரு உயிர் கையை நீட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, தான் வெறுங்கையோடு நிற்கிறோம் என்று தோன்றியது. முன்பு போலவே ஒரு காலை நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்து, கழிவறைக்குப் போவதைக்கூடத் தள்ளிப்போட்டாள்.

செவ்வாய்க்கிழமை வேலை பாதியில் தட்டிலிருந்து பாட்டிலை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கணவரோடு கிளம்பினாள். ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான். டாக்டரம்மா பாட்டிலை வாங்கினார், மேசையில் வைத்தார், மறுபடி எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, இது ஏன் சுடுது?"

"மறக்கக் கூடாதுன்னு பிரஸ்ஸுக்கு மேலேயே வச்சிருக்கேன் டாக்டர்." அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"எந்த பிரஸ்?"

"நீராவி பிரஸ்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "இந்த மாத்திரைக்குச் சூடும் ஆகாது, ஈரமும் ஆகாது. வீரியம் குறைஞ்சிடும். இதுதான் முழுக் காரணம்னு சத்தியம் பண்ண மாட்டேன், கர்ப்பத்துல மருந்து தேவையும் கூடும். ஆனா நீங்க தினமும் போட்டிருக்கீங்க. அதை நம்புறேன்."

நம்புவதாகச் சொன்னது அவள் காதில் விழவில்லை. தன் கையாலேயே, தலைக்கு மேலேயே, கண்ணெதிரிலேயே மருந்தை வேகவைத்திருக்கிறோம் என்பதுதான் விழுந்தது. கடையில் புது பாட்டில் வாங்கும்போது அதைக் கீழே போட்டாள். கணவர் குனிந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டார். பிறகு வெயில் நினைவுக்கு வந்து, வெளியே எடுத்து நிழல் பக்கமாகப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பாட்டில் வீட்டு அலமாரிக்குள் போனது. விடிகாலையில் அவள் விழுங்கியதும் மாமியார் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"டீ வாசம் வருது, அத்தை."

"வரும். மோந்து பாக்கிறதோட நிறுத்திக்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

ஜூன் 3ஆம் தேதி 4.4. ஜூலை 1ஆம் தேதி 2.1. டாக்டரம்மா கை குலுக்கினார். "முதல் மூணு மாசம் மருந்து சேராம இருந்ததுக்கு?" என்று அவள் கேட்டாள்.

"நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகிறதில்லம்மா. ஆனா ஆகவே ஆகாதுன்னு என்னால எழுதிக் கொடுக்க முடியாது."

இரண்டாவது வாக்கியம் மட்டும் அவளோடு வீட்டுக்கு வந்தது. குழந்தை வயிற்றில் உதைத்தால் உதையில் பலம் போதுமா என்று பயந்தாள். உதைக்காவிட்டால் அதைவிடப் பயந்தாள்.

அக்டோபர் 21ஆம் தேதி பெண் குழந்தை பிறந்தது. இரண்டு கிலோ தொள்ளாயிரம். வீறிட்டு அழுதது. ஆனால் வீட்டுக்கு வந்ததும் தூங்கித் தூங்கி வழிந்தது. மந்தமான குழந்தைதான் அதிகம் தூங்கும் என்று எங்கோ கேட்டிருந்தாள். பாதத்தைச் சுண்டிச் சுண்டி எழுப்பினாள்.

"ஏம்மா, தூங்குற பிள்ளைய அழவைக்கிறே? உன் வீட்டுக்காரனும் இப்படித்தான் தூங்கினான்," என்றார் மாமியார்.

"அதான் அத்தை, பயமா இருக்கு."

மாமியாருக்குச் சிரிப்பு பீறிட்டது. அவளுக்கு வரவில்லை.

பிறந்த மூன்றாம் நாள் குழந்தையின் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தம் ஒற்றி எடுத்திருந்தார்கள். குழந்தையின் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று அதில் தெரியும். நர்ஸ் சொன்னது இது: "ஏதாவது இருந்தா போன் பண்ணி வரச் சொல்வாங்க. ஒண்ணும் இல்லைன்னா லெட்டர் வரும். ரெண்டு வாரம் ஆகும்."

வீட்டில் இருந்தது ஒரே போன், வேன் ஓட்டுநரின் போன். அவர் வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் அது அடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் அவள் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்பாள். கணவர் பேசி முடித்துவிட்டு, "தலையணை உறை கேக்கிறான்," "துண்டு பத்தலையாம்," என்று அறிவிப்பார். அப்புறம்தான் மூச்சு விடுவாள்.

இரண்டு வாரம் கடந்தது. கடிதம் இல்லை. நேரில் போய்க் கேட்டு வாங்க என்றாள். "போறேன், போறேன்," என்றவர் போகவில்லை. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் புரிந்தது. நவம்பர் 12ஆம் தேதி தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அவர் போனையே வெறித்துக்கொண்டு நின்றார். அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. அவளே பிடுங்கிக் காதில் வைத்தாள்.

"விரிப்பு ஒரு நாற்பது வேணும், இன்னைக்கே கிடைக்குமா?" என்றது புது ஹோட்டலின் குரல்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். மடியில் குழந்தை விழித்து அவள் முகத்தையே பார்த்தது. "மடிச்சு அனுப்புறோம் சார்," என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

கடிதம் நவம்பர் 14ஆம் தேதி வந்தது.