ராத்தாவின் முன்பல்லும் இந்த மாரியும்

மழை விடாமல் பெய்த ஒரு பிற்பகலில், என் ராத்தா கடித்து வைத்த கொய்யாப்பழத்தில் இரத்தம் இருந்தது.

"என்ன ராத்தா இது?"

"கொய்யாப்பழம்" என்றார்.

அறுபதைத் தாண்டிய மூத்த சகோதரியிடம் எத்தனை தடவைதான் விசாரணை நடத்துவது? நானும் ஐம்பதைத் தாண்டியவள். களைப்பாகத்தான் இருக்கிறது.

நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பெண்களுக்கு எங்கள் வீட்டில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை நடத்துபவர் ராத்தாதான். ஓதும்போது ஒவ்வோர் எழுத்தும் அதற்குரிய இடத்தில் பிறக்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். அரபியில் சில எழுத்துகளுக்கு நாக்கின் நுனி மேல்வரிசை முன்பற்களைத் தொட்டாக வேண்டும். பல் இல்லையென்றால் எழுத்தும் இல்லை — வெறும் காற்றுத்தான்.

அந்த முன்பல்தான் ஆடிக்கொண்டிருந்தது. நோன்புக்கோ ஒரு மாதம்கூட இல்லை.

எங்கள் கரையோரத்தில் மாரி மழைக்காலம் வந்தால் வாய்க்குள் என்ன நடக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தண்ணீர் குளிர்கிறது, பல் துலக்குவது நாலு இழுப்போடு முடிகிறது. குளிருக்குப் பால் ஊற்றாத இஞ்சி பிளேன்டீ. அதற்குத் துணையாகக் கன்னத்துக்குள் ஒரு துண்டு கருப்பட்டி... பகல் முழுவதும்.

இவை எல்லா வீட்டிலும் உள்ளவை. ராத்தாவிடம் மேலதிகமாக ஒன்று இருந்தது: மருமகள் மக்காவுக்கு உம்றா யாத்திரை போய்க் கொண்டுவந்த, பல் துலக்கும் மிஸ்வாக் குச்சி. அதன் நுனியை அடிக்கடி வெட்டிவிட்டால்தான் புதிய நார் மென்மையாக இருக்கும். ராத்தா வெட்டவேயில்லை. மழைக்காலத்தில் பிளாஸ்டிக் பைக்குள் காயாமல் கிடந்த அந்தக் கறுத்த நுனியால், தொழுகைக்குத் தொழுகை முரசை, அதாவது பல் ஈறைத் தேய்த்துப் புண்ணாக்கியிருக்கிறார். இரத்தம் கசிந்ததும் அந்த இடத்தைத் தொடுவதையே விட்டிருக்கிறார்.

"நுனிய வெட்டிப் போடுங்களன் ராத்தா."

"மக்கத்துல இருந்து வந்தத வெட்டிக் குப்பைல போடுறதா? நல்லாக் கதைக்கிறாய் புள்ள."

"அப்ப டாக்டரிட்டயாவது போவம்."

"கிளீன் பண்ணினா இருக்கிற பல்லும் ஆடும்."

முரசு நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. அது பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத நோயை எங்கள் வீட்டுப் பெண்கள் நோயாகக் கணக்கெடுப்பதில்லை. வலித்தாலும் எடுப்பதில்லை — அது வேறு கதை.

ஒருவாறு ஓட்டோவில் ஏற்றிக் கல்முனைக்குக் கூட்டிப்போனேன். பல் டாக்டர் ஓர் இளம்பெண்; பொறுமைசாலி.

"ஊத்தை கல்லாப் படிஞ்சிருக்கு உம்மா. அது பல்லப் புடிச்சிக்கிட்டு நிக்கல்ல, முரசைத்தான் கரைக்குது. சீனி வருத்தம், டயபிடீஸ், இருக்கா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமெண்டா?"

ராத்தா ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்தார். பிறகு தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"நோன்புக்கு இந்தப் பல்லு நிக்குமா மகள்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "சொல்றதச் செஞ்சா நிக்கலாம். சத்தியம் பண்ண மாட்டன்."

கல்லை அன்றே சுரண்டி எடுத்துவிட்டார். மற்றபடி சொன்னவை எளியவை. மென்மையான பிரஷ்; படுக்குமுன் ஒரு தடவை கட்டாயம்; தண்ணீர் குளிர்ந்தால் இளஞ்சூடாக்கிக்கொள்ளலாம். இரத்தம் வருகிறது என்று துலக்குவதை நிறுத்தக் கூடாது. கருப்பட்டிக்கு விடைகொடுக்க வேண்டும். சீனி வருத்தத்துக்கு ஒழுங்காக மருந்து.

ஒவ்வோர் இரவும் சுடுதண்ணீர்க் கேத்தலும் கையுமாகக் குளியலறை வாசலில் நான் நின்றேன். "காவல் போட்டிருக்கா" என்று ராத்தா முணுமுணுத்தார். ஆனால் துலக்கினார். கசிவு மெல்ல மெல்ல நின்றது. ஒருநாள் கத்தி கேட்டு வாங்கி, மிஸ்வாக்கின் நுனியைத் தானே வெட்டினார். குப்பையில் போடவில்லை. கொய்யா மரத்தடியில் புதைத்தார்.

முந்தாநாள் முதல் தராவீஹ். இரண்டாவது வரிசையில் நின்ற நான் செய்யத் தகாத ஒன்றைச் செய்தேன் — தொழுகையில் நின்றுகொண்டு ஒரு பல்லைப் பற்றி நினைத்தேன். குர்ஆனின் முதல் அத்தியாயமான பாத்திஹா சூராவின் கடைசி வசனம் வந்தது. முன்பல் இல்லாமல் பிறக்காத அந்த எழுத்தும் வந்தது. நாக்கு பல்லைத் தொட்டு, தெளிவாக, அதற்குரிய இடத்தில்.

தொழுகை முடிந்து பெண்கள் போனதும் ராத்தா திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுதா புள்ள?"

"ஓம் ராத்தா."

"அப்ப ஒரு இஞ்சி பிளேன்டீ ஊத்து. கருப்பட்டியும் கொண்டு வா."

கருப்பட்டி முடிந்துவிட்டது என்றேன். நோன்பு மாதத்தின் முதல் பொய் — அல்லாஹ் மன்னிக்கட்டும்.