ஜெயமணி கேட்காமல் விட்ட முதல் கேள்வி

ஜெயமணிக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது. இட்லி வேகிற நேரத்துக்குள் மூன்று தடவை மூடியைத் திறந்து பார்ப்பாள். டவுன் பஸ்ஸுக்கு ஐந்து நிமிஷம் நிற்க மாட்டாமல் ஆட்டோவில் ஏறிவிடுவாள். ஏறின மறு நிமிஷம் பின்னாலேயே பஸ் வரும். அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முகம் தெரியாத நாற்பது பேரோடு கண்டுபிடிப்பு ஆட்டம் ஆடினாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆடினாள். அந்த ஆட்டத்துக்கும் அந்த நாற்பது பேருக்கும் இன்றைக்கு வரைக்கும் வாய் நிறைய நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். சும்மா சொல்லவில்லை, காரணம் இருக்கிறது.

சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கல்யாணமான கையோடு ஓசூர் வந்துவிட்டாள். கணவர் சுடலைமுத்து, சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற கம்பெனி ஒன்றில் பிரஸ் ஷாப் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால், மேலிருந்து யானைக் கனத்தில் இரும்பு இறங்கித் தகட்டை வெட்டிவிட்டு ஏறும். அதுதான் பிரஸ். அவருடையது ஏழாம் நம்பர் மெஷின். மத்திகிரியில் லைன் வீடு. ஒன்பதாவது படிக்கிற ஒரே மகள் தர்ஷினி. வீட்டுக்காரம்மா தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம். ஜெயமணி தன் நெல்லைத் தமிழோடு இரண்டையும் கலந்து கட்டி அடித்தாள். எல்லாருக்கும் புரிந்தது, அது போதாதா?

பஸ் ஸ்டாப் பக்கத்தில் சுஜாதா என்கிற அம்மாள் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். 2006-இல் அங்கே கல்லாவில் உட்காரும் வேலை ஜெயமணிக்குக் கிடைத்தது. மதியம் ஒரு ஈ காக்கா இருக்காது. அந்த நேரத்தில் தட்டுத் தடுமாறித் தமிழில் டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, 'முச்சந்தி' என்ற தமிழ்க் குழுமத்தில் சேர்ந்தாள். 'மணி' என்று பெயர் கொடுத்தாள்.

முச்சந்தியில் தினமும் 'ஆமாம் இல்லை' ஆட்டம் நடக்கும். ஒருவர் ஏதோ ஒன்றை மனசில் நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் இருபது கேள்விக்குள் அது என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். நினைத்தவர் ஆமாம், இல்லை என்பதற்கு மேல் ஒரு எழுத்து பேசக் கூடாது. ஆட்டத்தை நடத்தியவர் ராஜப்பன், கிருஷ்ணகிரியில் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பர். மகா கறார். எடுத்த எடுப்பில் பதிலுக்குப் பாய்ந்தால் அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு கேள்வியும் உலகத்தைப் பாதியாக வெட்ட வேண்டும் என்பார். நம் ஜெயமணிக்கா அது வரும்? மூன்றாம் கேள்வியிலேயே "எருமைமாடா?" என்று பாய்வாள். "மணி அண்ணே, கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று எல்லாரும் கிண்டல் அடிப்பார்கள்.

ஆமாம், அண்ணன்தான். ஒரு நாள் ராஜப்பன், 'மணி யார்?' என்பதையே ஆட்டமாக வைத்தார். இருபது கேள்வியும் தீர்ந்தது. ரிட்டையர்டு போலீஸ்காரர் என்று முடிவு கட்டினார்கள். "போலீஸும் இல்ல, அண்ணனும் இல்ல, நான் அக்கா" என்று ஜெயமணி எழுதியதும் குழுமமே அசடு வழிந்தது. ஆணா பெண்ணா என்ற முதல் கேள்வியை ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே என்று தாண்டிப் போய்விட்டார்கள். ராஜப்பனுக்கு அவமானம் தாங்கவில்லை; இரண்டு நாள் தலை காட்டவில்லை.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போன வீட்டில், 2008 ஆகஸ்டில் இடி விழுந்தது. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த சுடலைமுத்து அப்படியே சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் போட, ஆட்டோக்காரர் நேரே பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். உயிர் பிழைத்தது. அதற்கே ஜெயமணி கண்ட கோயிலுக்கெல்லாம் கும்பிடு போட்டாள். ஆனால் வலது கையும் காலும் விளங்கவில்லை, பேச்சு ஒரேயடியாகப் போய்விட்டது. இடது கையில் பேனாவைக் கொடுத்தால் கோடு கோடாகக் கிழித்தார். "சொல்றது எல்லாமே அவருக்குப் புரியும்மா, பதில்தான் வெளிய வராது" என்றார் டாக்டர். ஆமாம் என்றால் இடது கையால் அவள் கையை அமுக்குவது, இல்லை என்றால் விட்டுவிடுவது என்று பழக்கிக் கொடுத்து, பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம் கந்தன் பார்க்க வந்தான். பக்கத்து மெஷின் ஆபரேட்டர், சிங்காரப்பேட்டைக்காரன், சுடலைமுத்து மேல் உயிரை வைத்திருப்பவன். ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டுக் கட்டில் ஓரமாக உட்கார்ந்தான்.

"எப்டிணா கீறீங்க? சீக்கிரம் வந்துடுங்கணா. நீங்க வுழுந்ததுக்கு மொத நாளு மூடி வெச்ச மெஷினு, ஆர்டர் இல்லாம அப்டியே கெடக்குது. இப்ப புது ஆர்டர் வந்துட்சி. திங்கக்கெழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட்லேந்து ஏழாம் நம்பர நான்தான் ஓட்டப் போறன்."

அவ்வளவுதான். சுடலைமுத்துவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்தது. "ஆ... ஆ..." என்று கத்தினார். இடது கையால் கந்தன் சட்டையைப் பிடித்து உலுக்கினார், கட்டில் சட்டத்தை அடித்தார். கந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"அண்ணனுக்கு மனசு வுட்டுப் போச்சிண்ணி. அவரு மெஷின நான் புடுங்கிக்கிறன்னு நெனச்சிக்கினாரு. நான் கேட்டு வாங்கலண்ணி, சூப்பர்வைசரு போட்டுட்டாரு."

ஜெயமணியும் அப்படியே நினைத்தாள். அந்தப் பிரஸ் ஷாப்பில் ஆளுக்கொரு மெஷின். ஆயுத பூஜைக்கு அவரவர் மெஷினுக்கு அவரவர்தான் பொட்டு வைப்பார்கள். லீவில் போனவன் மெஷினை இன்னொருவன் தொட்டால், வந்ததும் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டான். சுடலைமுத்துவும் அந்த ரகம்தான். அதனால் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஆனால் கோபம் தணியவில்லையே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை. ஞாயிறு காலையிலும் இல்லை. இடது கை மட்டும் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

"தண்ணி வேணுமா? எங்கயாவது வலிக்கா? ஃபேன் போடணுமா? ஒண்ணுக்கு வருதா?"

ஒவ்வொன்றுக்கும் கையை விட்டார். முப்பது நாற்பது கேட்டிருப்பாள்.

"பின்ன என்னதான் வேணும் உங்களுக்கு? என் உசிர வாங்குதியளே!" என்று கத்திவிட்டு, கத்தினதற்காக உடனே அழுதாள். தர்ஷினியைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடினாள். அங்கே எதற்கு ஓடினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இந்த ஊரில் அழுவதற்கு அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை.

முச்சந்தியில் எழுதினாள்: "இது ஆட்டம் இல்லை. என் வீட்டுக்காரர் ஏதோ சொல்லப் பார்க்கிறார். ஆமாம், இல்லை மட்டும்தான் அவரால் முடியும். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பதினைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தரும் கிண்டல் செய்யவில்லை. அவள் கேட்ட கேள்விகளை எல்லாம் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். கொஞ்ச நேரத்தில் ராஜப்பன் பதில் போட்டார்: "அக்கா, நீங்க கேட்டது எல்லாமே அவர் உடம்பைப் பற்றி. அவர் சொல்ல வருவது அவரைப் பற்றித்தான் என்று யார் சொன்னது? அதை முதலில் கேளுங்கள்."

ஜெயமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள். படுத்துக் கிடக்கிற மனுஷனுக்குத் தன்னைத் தவிர வேறு நினைப்பு இருக்காது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். மற்றவர்கள் கொடுத்த கேள்விகளையும் சேர்த்து, சுஜாதா ஒரு தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். "கல்லாவை நான் பாத்துக்கறேன், நீ போ ஜெயா."

வீட்டுக்கு வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரப்படாமல் கேட்டாள்.

"ஏங்க, நீங்க சொல்ல வாரது உங்களப் பத்தியா?"

கையை விட்டார். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"என்னப் பத்தியா? பிள்ளையப் பத்தியா?" இல்லை. "வெளி ஆளா?" அமுக்கினார். "பொருள் ஏதும் இல்லையே?" விட்டார். "அப்பம் பொருளா?" அமுக்கினார். திரும்ப "ஆளா?" என்று கேட்டாள். அதற்கும் அமுக்கினார்.

ஆளும் ஆமாம், பொருளும் ஆமாம். பழைய ஜெயமணி என்றால் அவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள். மறுபடி சென்டருக்கு ஓடினாள். அங்கே யாரும் எழுந்து போகவில்லை, சாப்பாட்டு வேளையிலும் காத்துக்கொண்டிருந்தார்கள். "இரண்டும் ஆமாம் என்றால் இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம். அந்த ஆள் அந்தப் பொருளைத் தொடுவாரா? எப்போது? தொட்டால் நல்லதா கெட்டதா?" என்றார் ராஜப்பன்.

மூச்சிரைக்க வந்து கேட்டாள். "அந்த ஆளு அதத் தொடுவாரா?" அமுக்கினார். "நாளைக்கா?" அமுக்கினார். நாளைக்குத் திங்கட்கிழமை என்பது ஜெயமணிக்கு அப்போதுதான் உறைத்தது.

"கந்தனா? ஏழாம் நம்பர் மெஷினா?"

விடாமல் அமுக்கினார்.

"உங்க மெஷினத் தொடுதாங்கிற கோவமா?"

கையை வெடுக்கென்று உதறினார்.

"தொட்டா ஆபத்தா?"

அவர் அமுக்கிய அமுக்கில் அவள் விரல் எலும்பு வலித்தது. பதினாறு வருஷமாக அந்த மெஷின் கதையைச் சோறு போடும்போதெல்லாம் கேட்டவள் அல்லவா? மிச்சத்தை அவளே கேட்டாள். "பெடல மிதிக்காமலே தானா ரெண்டாம் தடவ இறங்குதா?"

ஆமாம். ஆமாம். ஆமாம்.

ஒவ்வொன்றாகக் கேட்டதில் முழுசும் தெரிந்தது. விழுந்ததற்கு முந்தின நாள், ஷிப்டு முடிகிற நேரம், கடைசித் தகட்டை எடுத்த கை வெளியே வந்ததும் இரும்பு தானாக இறங்கியிருக்கிறது. காலையில் முதல் வேலையாக மெயின்டனன்ஸில் சொல்லிவிட வேண்டும் என்று மெஷினை மூடிவிட்டு வந்தார். காலை வந்தது, பேச்சு போயிற்று. ஓடாத மெஷின்தானே என்று இத்தனை நாள் கிடந்தவருக்கு, கந்தன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் எப்படி இருந்திருக்கும்!

கந்தன் ஊருக்குப் போய்விட்டான், போன் கிடைக்கவில்லை. கம்பெனி போனை எடுத்த செக்யூரிட்டி, "ஞாயித்துக்கெழமைம்மா, நாளைக்கு வாங்க" என்று வைத்துவிட்டார்.

திங்கள் காலை ஐந்தரைக்கெல்லாம் ஜெயமணி கம்பெனி கேட்டில் நின்றாள். பஸ்ஸிலிருந்து இறங்கிய கந்தனை வழிமறித்து விஷயத்தைச் சொன்னாள். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. சூப்பர்வைசர் வந்தார், சிரித்தார். "பேச்சே வராதவரு சொன்னாருன்னு மெஷின நிறுத்தணுமாம்மா?"

"பேச்சுதான் போச்சு சார், புத்தி போகல. யாரும் உள்ள கைய வைக்காம, தகடு இல்லாம வெறும ஓட்டிப் பாருங்க. ஒண்ணும் இல்லன்னா நான் உங்க கால்ல விழுந்துட்டுப் போறேன்."

அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டோ, காலை நேரத்தில் கேட்டில் வம்பு வேண்டாம் என்றோ, மனுஷர் ஒத்துக்கொண்டார். ஜெயமணி செக்யூரிட்டி ரூமில் காத்திருந்தாள். முக்கால் மணி நேரம் கழித்து சூப்பர்வைசரே வெளியே வந்தார். இப்போது சிரிப்பு இல்லை. முப்பத்தெட்டு தடவை ஒழுங்காக அடித்ததாம். முப்பத்தொன்பதாவதில், பெடலில் கால் இல்லாதபோதே இரும்பு மறுபடி இறங்கியதாம். பிரித்துப் பார்த்தால், ஒரு தடவை அடித்ததும் இரும்பை மேலே நிறுத்துகிற கிளட்ச் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. "ரொம்ப நன்றிம்மா" என்று கை கூப்பினார்.

"எனக்கு எதுக்கு சார்? அவருக்குச் சொல்லுங்க" என்றவள் வரும் வழியில் சென்டரில் இறங்கி முச்சந்தியைத் திறந்தாள். பதினைந்து பேரும் ராத்திரியிலிருந்து 'என்ன ஆச்சு அக்கா?' என்று கேட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் எழுதித் தனித்தனியாக நன்றி சொன்னாள். ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் என்று ராஜப்பனுக்கு எழுதும்போது எழுத்து கண்ணில் தெரியவில்லை.

வீட்டில் சுடலைமுத்துவிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். கேட்டார். ஆனால் கஞ்சிக் கிண்ணத்தைக் கொண்டுபோனால் வாயை இறுக்கிக்கொண்டு வாசலையே பார்த்தார். மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து, யூனிஃபார்மோடு கந்தன் வந்தான். சுடலைமுத்து இடது கையை நீட்டி அவன் வலது கையைப் பிடித்தார். கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக நுனி வரைக்கும் தடவிப் பார்த்தார். அதை விட்டுவிட்டு மற்றக் கைக்காகத் தன் கையை நீட்டினார். அதிலும் ஐந்து விரலையும் நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். கந்தன் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அதற்குப் பிறகு ஜெயமணியின் பக்கம் திரும்பி, கஞ்சிக்கு வாயைத் திறந்தார்.