கனகாம்பரக் காய்

எங்கள் மாடம்பாக்கம் வீட்டுக் கொல்லையில் பூ விதை முளைக்க வைப்பதற்கென்று மகன் பச்சை வலை கட்டி ஒரு சின்னக் குடில் போட்டிருக்கிறான். இன்று காலை அவன் தண்ணீர் தெளித்தபோது, காய்ந்த கனகாம்பரக் காய் ஒன்றின்மேல் துளி பட்டு, அது பட்டென்று வெடித்தது. நான் என்னையறியாமல் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

அந்தக் காய் ஈரம் பட்டால்தான் வெடித்து விதையைக் கக்கும். என் சிறு வயதில், விதை சிதறாமல் இருக்க, பெரியப்பா என்னைத்தான் கூப்பிடுவார்.

"கையை நீட்டுடி."

உள்ளங்கையில் நாலு காயை வைத்து, அதன்மேல் வெற்றிலை எச்சிலைத் துப்பி, என் விரல்களை மூடிவிடுவார். சூடாக, கொழகொழவென்று, புகையிலை நாற்றத்தோடு அது விரலிடுக்கில் வழியும். உள்ளே காய்கள் படபடவென்று வெடிக்கும். பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் நிரம்பித்தான் இருக்கும்.

"மகாராணி மூஞ்சி போற போக்கைப் பாரு" என்று சிரிப்பார்.

"பெரியவங்க எச்சில்தானே, கழுவினா போவுது" என்பாள் அம்மா.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததே இல்லை. எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையால் சோறு பிசைய முடியாது. யாருக்கும் தெரியாமல் சோற்றை நாய்க்கு வைத்துவிடுவேன்.

"அம்மா, கையை நீட்டேன். காயை வச்சுத் தண்ணி ஊத்தறேன், விதை சிதறாது" என்றான் மகன்.

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "மாட்டேன்."

"இன்னாம்மா, வெறும் தண்ணிதானே?"

"தண்ணியா இருந்தா என்ன? மாட்டேன்னா மாட்டேன்!"

நான் கத்தி அவன் கேட்டதே இல்லை. குவளையோடு மிரண்டு நின்றான். பாவம், அவன் என்ன செய்வான். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் நான் கையை நீட்டவில்லை.