ஏலக்காய்த் தோல் தட்டு

இன்று எரிச்சலில் எழுதுகிறேன்.

மலைத்தோட்டத்தில் அம்மாக்கள் ஏலக்காய் எடுக்கப் போனதும், கொட்டகையில் என்னிடம் விட்ட பிள்ளைகள் அழும். அதற்காகவே மூலையில் சாக்குத் திரை கட்டி, ஒரு தட்டு நிறைய ஏலக்காய்த் தோல் வைத்திருக்கிறேன். கையை விட்டு அளைந்தால் ஐந்து நிமிடத்தில் அழுகை அடங்கிவிடும்.

கங்காணி வந்து திரையைப் பிடுங்கினார். உள்ளே தூங்கிய குழந்தை வீறிட்டது.

"என்னாத்தா இது? வேலை முடிஞ்சு போறப்ப ஆத்தாக்காரிக மடியச் சோதிக்கிறோம்னு, இதுக்கடியில காய ஒளிச்சு வைக்கிறீகளோ?"

"நல்லாத் தேடிப் பாருங்கண்ணே."

தட்டில் கையை விட்டுத் துழாவினார். ஒரு காய்கூட இல்லை. அவருடைய கத்தல் குறைந்தது. கை மட்டும் தட்டைவிட்டு வரவில்லை.

"நாளைக்கு இது இங்கன இருக்கக் கூடாது" என்றார், அளைந்துகொண்டே.

பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். இவருக்குப் பத்து நிமிடம் ஆனது.

தட்டை எடுக்கவா, இவருக்கும் ஒன்று வைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.