பெல்ட் கழற்றி வைத்த ஒரு வருடம்

எங்கள் அண்ணன் பிறந்தது வீரகேரளம்புதூரில். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் படிப்பை விட்டுவிட்டுத் தென்காசியில் ஒரு மைக் செட் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். குழாய் ஒலிபெருக்கியைத் தோளில் போட்டுத் தென்னை மரம் ஏறிக் கட்டுவார். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் சாப்பிட்டோம். அக்காளுக்குக் கல்யாணம் முடிந்தது. பிறகு சொந்தக் கடை போட்டு என்னையும் சேர்த்துக்கொண்டார். அவர் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது ஒரே விஷயத்தில்.

அண்ணன் வைத்திருந்தது பெல்ட் டிரைவ் ரெக்கார்டு பிளேயர். மோட்டார் ஓரமாக இருக்கும். ஒரு ரப்பர் பெல்ட்தான் தட்டைச் சுழற்றும். சுவிட்ச் போட்டதும் வேகம் பிடிக்காது. கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

ஆய்க்குடியில் ஒரு கல்யாணம். சாரல் நேரம். மாப்பிள்ளை காரை விட்டு இறங்கும்போது பெல்ட் வழுக்கிப் பாட்டு இழுத்தது.

“என்ன அண்ணாச்சி, பாடுதவனுக்குத் தூக்கம் வருதா?” என்று ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகு நான் பழைய டைரக்ட் டிரைவ் ஒன்று வாங்கினேன். அதில் மோட்டார் தட்டுக்கு அடியிலேயே இருக்கும். பெல்ட் கிடையாது, வழுக்காது. தொட்டதும் ஓடும். கல்யாணத்துக்கும் ஐந்தருவி சீசன் கடைகளுக்கும் அதுதான் போனது. அண்ணன் மிஷின் வீட்டோடு நின்றுவிட்டது.

“ஏலே, ஒன் மிஷின் பாடும்போது அடியில ஒரு இரைச்ச கூடவே வருது. ஒனக்குக் கேக்கலையா?” என்பார்.

“ஐந்தருவியில அருவிச் சத்தம்தாம்ணே கேக்கு.”

“அங்கன கேக்காது. வீட்டுல கேக்கும்லா.”

“ஒங்க மிஷின் எந்திரிச்சு ஓடுததுக்குள்ள பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கே போயிருவா.”

மதினி அடுப்பங்கரையிலிருந்து, “ரெண்டையும் அருவியில போட்டுட்டு வாங்க. எனக்கு ரேடியோ போதும்” என்பார்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சு பலவீனமானது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் தன் மிஷினில் ஒரு இசைத்தட்டு போடச் சொல்வார். நான்தான் முள்ளை வைப்பேன். ஒரு நாள் பாட்டு முடிந்ததும் சொன்னார்.

“பெல்ட்ட கழட்டி, பவுடர் தடவி டப்பாவுல போட்டு வையி.”

“நாளைக்குக் கேக்கணும்லா. எதுக்குக் கழட்டணும்?”

“இன்னைக்கு இல்லலே. பெறகு. ஒரு வருசத்துக்கு வீட்டுல பாட்டு போட மாட்டியல்லா.”

ரப்பர் பெல்ட் ஓடாமல் கிடந்தால், மோட்டார் சக்கரத்தை ஒட்டிய இடத்தில் மடிப்பு விழும். பிறகு பாட்டு ஆடும். சாவு விழுந்த துட்டி வீட்டில் ஒரு வருடம் பாட்டு கிடையாது. மைக் செட்காரர் வீட்டுக்கும் அதுதான் வழக்கம். அண்ணன் இரண்டையும் நினைத்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

சீசன் தொடங்கி முதல் சாரல் விழுந்த காலையில் அண்ணன் போனார். சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய்ப் பெல்ட்டைக் கழற்றினேன்.

வருடத் திதிச் சடங்கு முடிந்ததும் உங்கள் முன்னால் அண்ணன் விரும்பிய தட்டு ஒன்றைப் போடுவதென்று முடிவு செய்தோம். அண்ணன் மகள் பயந்தாள்.

“சித்தப்பா, அப்பா மிஷின் நடுவுல நின்னுட்டா அம்மா தாங்க மாட்டா. ஒங்க மிஷினையே போடுங்க.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மதினியிடம் சொன்னேன்.

“வேண்டாம் தம்பி. அவிய மிஷினே பாடட்டும். நின்னா நின்னுட்டுப் போகுது. ஒங்க மிஷின்ல அடியில ஒரு இரைச்ச வரும்லா.”

இத்தனை வருடமும் அவர்கள் இருவருக்கும் அது கேட்டிருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை.

அண்ணனைக் கவனித்த டாக்டருக்கும் நர்சுகளுக்கும், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும், அண்ணனைத் தூக்கிச் சென்ற வழியெல்லாம் தங்கள் ஒலிபெருக்கிகளை நிறுத்திவைத்த தொழில்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது பெல்ட்டை மாட்டியிருப்பேன். அது பாடுமா என்று எனக்குத் தெரியாது. சுவிட்ச் போட்டதும் பாட்டு வராது. யாரும் எழுந்துவிட வேண்டாம். தட்டு வேகம் பிடிக்கும்வரை கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.

இப்படிக்கு,
தம்பி