முப்பத்தேழாம் கவர்

ஆதிமூலத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் தெருக்காரர் ஒருவர் கேட்டார்: "அவரு என்னா பெரிய ஆளுன்னு எழுதறீங்க?"

பெரிய ஆள் இல்லைதான். பெரிய ஆட்களைப் பற்றி எழுதத் திருவண்ணாமலையில் வேண்டிய பேர் இருக்கிறார்கள். ஆதிமூலம் ஒரு டி.பி. ஆய்வு நிலையத்தில் கவர் பிரித்துக் கொடுத்தவர், அவ்வளவுதான். ஒரு நாள் ஒரு தப்பு செய்தார். பத்து வருஷம் கழித்து அதை ஒப்புக்கொண்டார். இரண்டையும் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்தவன் நான், அந்த நிலையத்தின் டைப்பிஸ்ட்.

1976ஆம் வருஷம் சென்னை அறக்கட்டளை ஒன்று தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய அரிசி மண்டியை வாடகைக்குப் பிடித்து, சுண்ணாம்பு அடித்து, போர்டு மாட்டியது. டாக்டர் பலராமன் புதன்கிழமை தோறும் காரில் வந்து இறங்குவார். முதல் நாள் எங்களை எல்லாம் நிற்க வைத்து விளக்கம் சொன்னார். டி.பி.க்கு அப்போது தினமும் ஊசியும் போட்டு மாத்திரையும் கொடுப்பார்கள். ஊசி இல்லாமல் புது மாத்திரைகள் மட்டுமே போதுமா என்று பார்க்க வேண்டும். அதற்காகப் பாதிப் பேருக்கு இரண்டு மாசம் ஊசியும் மாத்திரையும், மீதிப் பேருக்கு மாத்திரை மட்டும்.

யாருக்கு எது என்பதுதான் விசேஷம். சென்னையிலேயே குலுக்கிப் போட்டு, சீட்டுகளைக் கவரில் வைத்து ஒட்டி, மேலே வரிசை எண் போட்டு அனுப்பிவிடுவார்கள். அடுத்து வருகிறவருக்கு அடுத்த கவர்.

"உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது, தெரியவும் கூடாது" என்றார் டாக்டர். "தெரிஞ்சா நான் ஆள் பார்த்துக் கொடுப்பேன். அப்புறம் குணமானது மருந்தாலயா, என் இரக்கத்தாலயான்னு எவனாலயும் சொல்ல முடியாது."

நல்ல பேச்சு. எங்கள் ஊருக்குத்தான் அது ஏறவில்லை. எந்த மருந்து கொடுப்பதென்று டாக்டருக்கே தெரியாதாம், கவரைப் பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாராம் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. ஊசி போடாமல் அனுப்புகிறவரை எங்கள் ஊர், டாக்டர் என்றே ஒப்புக்கொள்ளாது. காய்ச்சலோ, கால் சுளுக்கோ, மாமியார் சண்டையில் வந்த தலைவலியோ, இடுப்பில் ஒரு ஊசி இறங்கினால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. ஆகவே "ஊசி" என்ற சீட்டு வந்தவர்கள் தேர்தலில் ஜெயித்தவர்கள் மாதிரி வெளியே போனார்கள். "மாத்திரை" வந்தவர்கள் படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

கவர்கள் இருந்த பீரோவின் சாவி ஆதிமூலத்திடம் இருந்தது. அடி அண்ணாமலைக்காரர், எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர், முப்பத்துநாலு வயது, வேலை தற்காலிகம். ஒரே வாரத்தில் அவர் தாசில்தாரைவிட முக்கியமான மனிதராகிவிட்டார். ஒரு கவுன்சிலர் சிபாரிசுக் கடிதம் கொடுத்தனுப்பினார்: "இவர் நம்ம கட்சிக்காரர், ஊசிக் கவராகப் பார்த்துத் தரவும்." ஒருவர் கோழியோடு வந்தார். இன்னொருவர் யாரும் தடுப்பதற்குள் பீரோவுக்கு முன்னால் கற்பூரம் கொளுத்திக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆதிமூலம் அசையவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து, எண்ணை உரக்கப் படித்து, ஆளுக்கு முன்னால் கவரைக் கிழிப்பார். கெஞ்சினவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான்.

"வரிசைல எது வருதோ அதாங்க. நான் கவரு பிரிக்கிறவன், உள்ள எழுதறவன் இல்ல."

முதல் முப்பது கவர்களும் கெட்டியான காக்கிக் காகிதம். அடுத்து வந்த கவர்க் கட்டில் யாரோ சிக்கனம் காட்டியிருந்தார்கள், கல்யாணப் பத்திரிகை வைக்கிற மெல்லிசு வெள்ளைக் கவர். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கும் எழுத்து தெரிந்தது. ஆதிமூலம் அன்றைக்கே டாக்டரிடம் காட்டினார்.

டாக்டர் கவரை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்பிக் கொடுத்தார். "ஆமா, தெரியுது. நீங்க பார்க்காதீங்க, அவ்ளோதான்."

இப்படியாக ஒரு விஞ்ஞான ஆய்வின் மானம் மரியாதை எல்லாம் ஒரு தற்காலிக ஊழியரின் கண்ணில் ஏற்றி வைக்கப்பட்டது. அந்தக் கண்ணும் ஆறு கவர் வரைக்கும் நேர்மையாகத்தான் இருந்தது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கவரைக் குப்புற வைத்தே எடுப்பார்.

அப்போதுதான் அவர் தங்கை வெள்ளையம்மாள் இருமலில் ரத்தம் கக்கினாள்.

அவளையும் அடி அண்ணாமலையிலேயே கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையாக ஒரு பெண் இருந்தது. புருஷன் அருணகிரிக்கு நிலம் கொஞ்சம், வாய் ஜாஸ்தி. அவன் ஆபீசுக்கே வந்து எங்கள் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டான்.

"சாவி உன் கைல இருக்குது மச்சான். கூடப் பொறந்தவளுக்கு ஒரு ஊசி வாங்கிக் குடுக்க முடியலன்னா அப்புறம் எதுக்கு இந்த உத்தியோகம்?"

"வரிசைல வர்றதுதான்" என்றார் ஆதிமூலம். குரல் இறங்கிவிட்டது.

கூட வந்திருந்த வெள்ளையம்மாள் ஒன்றுதான் சொன்னாள். "உடுண்ணா. வர்றது வரட்டும். எனக்காக நீ ஒண்ணும் பண்ணாத."

மறுநாள் காலை பெஞ்சில் முதல் ஆளாக அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த கன்னியம்மாள் என்ற பெண். அடுத்த கவர் முப்பத்தேழு. ஆதிமூலம் கை கழுவிக்கொண்டு வந்தார். பீரோவைத் திறந்தார். அன்றைக்கு ஜன்னலுக்கு முதுகைக் காட்டவில்லை. முப்பத்தேழைத் தூக்கிப் பிடித்தார், பிறகு முப்பத்தெட்டை. மேஜைக்குத் திரும்பினவர் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருந்தவளிடம் பேசினார்.

"நீங்க ரொம்ப தூரத்துலருந்து வந்திருக்கீங்கம்மா. முன்னாடி வந்துடுங்க."

கன்னியம்மாள் கும்பிட்டுக்கொண்டே முன்னால் வந்தாள். முப்பத்தேழைக் கிழித்தார், மாத்திரை. அடுத்து வெள்ளையம்மாள், முப்பத்தெட்டு, ஊசி. வாசலில் நின்ற அருணகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே டைப் அடித்தேன்.

ஆறாவது வாரம் வெள்ளையம்மாளுக்குக் காதுக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. எந்நேரமும் ஒரே மணிச் சத்தம். வேறு ஊராக இருந்தால் பயந்திருப்பார்கள். மலையைச் சுற்றி வரும் பாதையில் குடியிருக்கிறவர்களுக்கு மணிச் சத்தம் கேட்டால் அது அண்ணாமலையாரைத் தவிர வேறு யார்? அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவள் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த ஊசி மருந்து சிலருக்குக் காதைப் பதம் பார்க்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அதற்காகவே ஆதிமூலம் வாராவாரம் நிரப்புகிற பாரத்தில் "காதுக் கோளாறு" என்று ஒரு கட்டம் உண்டு. ஆதிமூலம் அந்தக் கட்டத்துக்கு வந்து பேனாவை நிறுத்தினார். பக்கத்தில் நின்ற அருணகிரி, "சாமி மணி எப்படி மச்சான் கோளாறு ஆவும்? எழுதினா ஊசிய நிறுத்திடுவாங்க" என்றான். ஆதிமூலம் "இல்லை" என்று எழுதினார்.

மணிச் சத்தம் ஒருநாள் நின்றது. அதோடு மற்ற எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

டி.பி. குணமாகிவிட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். கன்னியம்மாளுக்கும் குணமாகிவிட்டது, வெறும் மாத்திரையிலேயே. படியில் உட்கார்ந்து அழுதவர்களும் ஜெயித்துப் போனவர்களும் ஒரே மாதிரி தேறினார்கள். ஊசி தேவையில்லை என்று டாக்டர் கட்டுரை எழுதினார். "கவர்கள் வரிசை தவறாமல் பிரிக்கப்பட்டன" என்ற வரியை அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் அடித்தேன், இரண்டு கார்பன் வைத்து. கட்டுரையைத் தூக்கிக்கொண்டு அவர் மூன்று தேசம் போய்வந்தார். ஆதிமூலத்துக்கு வேலை நிரந்தரமானது, கூடவே ஒரு சுவர்க் கடிகாரம்.

கன்னியம்மாள் அதற்கப்புறம் பௌர்ணமி தோறும் கிரிவலம் வந்தாள். வரும்போதெல்லாம் ஆதிமூலம் வீட்டுக்குப் பூசணியோ அவரையோ கொண்டுவந்து, "தன் தங்கச்சிய பின்னாடி தள்ளி எனக்கு எடம் உட்ட புண்ணியவான்" என்று தெருவுக்கே கேட்கச் சொல்வாள். ஆதிமூலம் அந்தக் காயைத் தொட்டதில்லை.

வெள்ளையம்மாளோ பஸ் ஹாரன் கேட்காததால் ரோட்டுக்கு வருவதை விட்டுவிட்டாள். மகள் காது குத்தலுக்கு நானும் போயிருந்தேன். குழந்தை அழுததை இவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

ஒரு தடவை ஆதிமூலத்திடம் கேட்டேன், தங்கையிடம் உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று.

"எப்படி சார் சொல்றது? அவளுக்கு எழுத்து தெரியாது, கத்தித்தான் சொல்லணும். கத்தினா தெருவே கேக்கும்."

1986இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து டாக்டர் பலராமனுக்குக் கடிதம் வந்தது. ஊசியா மாத்திரையா என்று உலகத்தில் எங்கெல்லாம் ஆய்வு நடந்ததோ அத்தனையையும் தேடிப் பிடித்து, ஒன்றுசேர்த்து, மொத்தத்தில் என்ன தெரிகிறது என்று சிலர் கணக்கிடுகிறார்களாம். பத்தொன்பது ஆய்வுகள் அகப்பட்டன. சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் சலித்துப் பார்க்கிறார்கள். எல்லோரிடமும் இரண்டு கேள்வி. கவருக்குள் இருப்பதை வெளியிலிருந்து பார்க்க முடியுமா? வரிசை ஒரு தடவையாவது மாறியதா?

டாக்டர் அதைத் திருவண்ணாமலைக்கே தள்ளிவிட்டார். ஓரத்தில் சிவப்பு மசியில் ஒரு குறிப்பு: "இரண்டுக்கும் இல்லை என்று டைப் செய்து உடனே அனுப்பவும்."

ஆதிமூலம் கடிதத்தை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். நான் காகிதத்தைச் சொருகினேன்.

"முப்பத்தொண்ணுலருந்து கவரு மெல்லிசு, வெளிச்சத்துல புடிச்சா தெரியும்னு அடிங்க சார். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் நான் பார்த்துட்டு ஆள மாத்தினேன். எந்தங்கச்சிக்காக. அவ காதுக்கு இல்லன்னு எழுதினதும் பொய்யி. எல்லாத்தையும் அடிங்க."

"உமக்கு என்னய்யா தலையெழுத்து? டாக்டர் சும்மா விடுவாரா?"

"பத்து வருஷமா யாரும் என்னைக் கேக்கல சார். இவங்கதான் கேட்டாங்க."

அடித்தேன். ஒரு பக்கத்தில் மூன்று இடத்தில் அழித்து அடித்தேன்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. ரொம்ப மரியாதையான கடிதம். உங்கள் வெளிப்படையான பதிலுக்கு மிக்க நன்றி, கவர் முறை சரியாகக் காப்பாற்றப்படாததால் உங்கள் ஆய்வை மொத்தக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கிறோம். மற்றப் பதினெட்டு ஆய்வுகளிலும் எந்தத் தவறும் நேரவில்லை என்று உரியவர்கள் உறுதி கூறியிருக்கிறார்கள்.

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அவர்கள் விதிப்படி அவர்கள் செய்தது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு ஊர்! ஒரு ஊரில்கூட மெல்லிசுக் கவர் இல்லை, ஒரு ஜன்னல் இல்லை, பீரோ சாவி வைத்திருந்த ஒருத்தனுக்கும் தங்கை இல்லை. இருந்த ஒரே அயோக்கியன் எங்கள் ஆதிமூலம்தான். டாக்டர் பலராமன் போனில் கத்தினது அடுத்த அறைக்குக் கேட்டது. ஆதிமூலத்தைப் பீரோவிலிருந்து எடுத்து வாசல் ரிஜிஸ்டரில் போட்டார்கள்.

கடிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு அவர் என்னைக் கூப்பிட்டார். "அடி அண்ணாமலைக்கு வர்றீங்களா சார்? இப்பவே போயிடணும். ஆறினா மறுபடி பயம் வந்துடும்."

அன்றைக்குப் பௌர்ணமி. பூசணிக்காயோடு அவரைத் தேடி ஆபீசுக்கே வந்த கன்னியம்மாளும் எங்களோடு நடந்தாள். அவளை அவர் தடுக்கவில்லை.

உச்சி வெயிலில் வெள்ளையம்மாள் வாசலில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் சிரித்தாள். ஆதிமூலம் அவளுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முதலில் சாதாரணமாகச் சொன்னார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னார். பிறகு எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"உனக்கு வந்தது மாத்திரைதாம்மா! நான்தான் கவரைப் பார்த்துட்டு உன் எடத்துல அந்தம்மாவ நிறுத்தினேன்! காதுல மணி அடிக்குதுன்னு நீ சொன்னியே, அதையும் நான்தான் மறைச்சேன்! உன் காத நான்தாம்மா கெடுத்தேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் உரல் சத்தம் நின்றது. அருணகிரி உள்ளேயிருந்து வந்து, விஷயம் புரிந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கன்னியம்மாள் கண்ணீரைத் துடைக்காமல் பூசணிக்காயை வெள்ளையம்மாளின் காலடியில் வைத்தாள்.

வெள்ளையம்மாள் காயைப் பார்த்தாள், சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள், கடைசியில் அண்ணனைப் பார்த்தாள்.

"வாய் அசையறது தெரியுது. ஒண்ணும் கேக்கலண்ணா" என்றாள். "இன்னொரு தரம் சொல்லு."

ஆதிமூலம் இன்னொரு தரம் சொன்னார்.