சிவப்பு வரும் வரை

"இன்னும் கொஞ்சம் இழு. இன்னும். ஆங், இப்போ பாரு, எப்படி எரியுது!"

லாயிட் இழுக்கச் சொல்வது கணினித் திரையின் ஓரத்தில், எங்கே எவ்வளவு ஒளி என்பதை நிறமாகக் காட்டும் வண்ண அளவுகோலை. அதன் உச்சத்தைக் குறைக்கக் குறைக்க, நீலமாகச் செத்துக் கிடந்த படம் மஞ்சளாகி, கடைசியில் அடுப்புத் தணல் போலச் சிவக்கும். ஒளி ஒரு துளியும் கூடவில்லை. படம் மட்டும் கூடிவிட்டது. கருத்தரங்குக்குப் போவது அந்தப் படம்தான்.

நாற்பத்தாறு வயது, ரிச்சர்ட்ஸ் டவுன் வீடு, பெங்களூரின் ஓர் ஆய்வு நிறுவனத்தில் நானோ ஆன்டெனா வடிவமைப்பாளர். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் அவருடைய ஆன்டெனாக்களில் இருநூறை வரிசையாக நிறுத்தலாம். சிப்புக்குள் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தகவல் போக இன்று கம்பி வேண்டும். கம்பிக்குப் பதிலாக ஓர் ஆன்டெனா ஒளியை வீச, எதிரே இருப்பது அதைப் பிடிக்க வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் வேலை. "வயரே வேணாம் மேன், லைட் அப்படியே பறந்து போகும்" என்று இரண்டு கைகளையும் விரிப்பார். ஞாயிறு பூசை முடிந்து வாசலில் அகப்படுகிறவர்களுக்கும் இதே விளக்கம்தான். பங்குத் தந்தை இப்போதெல்லாம் பக்கக் கதவு வழியாகப் போகிறார்.

மனைவி பிரிஸில்லா பள்ளி ஆசிரியை. "பதினோரு வருஷமா ஒரு ஆன்டெனா. எங்க அண்ணன் மொட்டை மாடியில அரை மணி நேரத்துல டிஷ் மாட்டிட்டு, டிபன் சாப்பிட்டுப் போயிட்டான்" என்பார். "அது வேற, இது வேற டார்லிங்" என்பார் லாயிட். எப்படி வேறு என்று விளக்க ஆரம்பித்ததும் பிரிஸில்லா விடைத்தாள் திருத்தப் போய்விடுவார்.

இப்போது நடப்பது இருநூற்றுப் பதினான்காவது வடிவம். முந்தைய இருநூற்றுப் பதின்மூன்றும் தோற்றவை அல்ல. "கான்செப்ட் ஓகே" ஆனவை. தனக்குப் பிடிக்காத எந்த யோசனைக்கும் அவரிடம் ஒரே கன்னடச் சொல்தான்: "சும்னே." வெட்டியாக என்று பொருள்.

அவருடைய ஆய்வு மாணவி ரக்ஷிதா, ஓசூர்க்காரி, மூன்று வாரமாகக் கேட்ட ஒரு கேள்விக்கும் முதல் வாரம் அந்தச் சொல்தான் கிடைத்தது. "சார், ஆன்டெனாவே இல்லாத சிப் ஒண்ணு வெச்சு அளந்து பாக்கலாமா?"

"இல்லாததை எதுக்குமா அளக்கணும்? சும்னே."

அடுத்த வாரம் லேசர் சூடாகவில்லை என்றார். அதற்கடுத்த வாரம் ஏசி சரியில்லை என்றார். வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருகிறது. ஒளி ஆன்டெனா வழியாகத்தான் போகிறது என்று காட்டினால் திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம். இல்லையென்றால் மூடுவிழா. குழுவில் உள்ள பத்ரிநாத் என்பவர் ஒற்றை வரி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவர் கேட்டதும் ஆன்டெனா இல்லாத சிப்பின் அளவைத்தான். அவரிடம் 'சும்னே' சொல்ல முடியாது.

பூசை வாசலில் அவரிடம் அகப்பட்ட நான் ஆய்வகத்தைப் பார்க்கப் போயிருந்தது அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம்; அப்போதுதான் அது நடந்தது. ரக்ஷிதா முதலில் ஆன்டெனா உள்ள சிப்பை வைத்தாள். எதிர்முனைக்கு வந்து சேர்ந்த ஒளியை மீட்டர் நாற்பத்திரண்டு நானோவாட் என்று காட்டியது. லாயிட் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு அதை எடுத்துவிட்டு, ஆன்டெனா இல்லாத வெறும் சிப்.

நாற்பத்தொன்று.

"லைட்டை ஆஃப் பண்ணு" என்றார். அறை விளக்கு அணைந்தது. நாற்பத்தொன்று. "அதையே எடுத்துட்டுத் திருப்பி வை." திருப்பி வைத்தாள். நாற்பத்தொன்று.

"சார், லைட் சிப்புக்கு அடியில இருக்கிற கண்ணாடி வழியா கசிஞ்சு போகுது" என்றாள் ரக்ஷிதா மெதுவாக. "ஆன்டெனா இருந்தாலும் போகுது, இல்லாட்டியும் போகுது."

"கண்ணாடி..." என்று தொடங்கிய லாயிட் மீட்டரின் பக்கம் திரும்பினார். அங்கே இழுத்துவிட வண்ண அளவுகோல் இல்லை. மீட்டரில் வெறும் எண்தான்.

ரக்ஷிதா ஆய்வுப் பதிவேட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். தேதியும் சிப்பின் எண்ணும் எழுதியாகிவிட்டது. அளவு எழுதும் கட்டம் மட்டும் காலி. அந்தப் பதிவேட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அச்சடித்திருக்கிறது. லாயிட் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, கட்டத்துக்கு மேலே பிடித்தார். பிறகு மூடியைப் போட்டுப் பைக்குள் செருகிவிட்டு, அவளிடம் கையை நீட்டினார்.

"பென்சில் இருக்காமா?"